பச்சைக் கோடு

எலியிடமிருந்து வெட்டியெடுத்த கருப்பைத் துண்டு, வெதுவெதுப்பான உப்புக்கரைசலில் தொங்கியபடி மறுபடியும் சுருங்கியது. எழுதுமுள் காகிதத்தில் இன்னொரு மேடு வரைந்தது. கருவைத் தக்கவைக்கும் ஹார்மோனை ஒரு வாரமாக ஊசியில் ஏற்றிய எலி. அதன் தசை சிவனே என்று கிடந்திருக்க வேண்டும்.

"எலிய மாத்திட்டீங்களாண்ணே?" என்றாள் செண்பகவல்லி.

"இல்லம்மா. வால்ல பச்சைக் கோடு, நீங்க போட்டதுதான்," என்றார் ஆய்வுக்கூட உதவியாளர் சந்தானம்.

'ஹார்மோனால் பலனில்லை' என்று குறிப்பேட்டில் எழுதினாள். மணி பதினொன்று. கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். அதே ஹார்மோன்தான், இரண்டு கரு கலைந்தபின், இந்த மூன்றாவதற்கு டாக்டர் எழுதிக்கொடுத்தது. ஒன்றைப் பிதுக்கி விழுங்கினாள். முள் அடுத்த மேட்டில் ஏறத் தொடங்கியிருந்தது. எழுதியதை அடித்துவிட்டு, 'எலி மாறியிருக்கலாம்' என்று எழுதினாள்.