கொரிடோரில் இருபது சுற்று

கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியின் மூன்றாம் மாடிக் கொரிடோரில் அந்தி வெயில் கம்பி கம்பியாக விழுந்து கிடக்கிறது. தொண்ணூற்றிரண்டு கிலோ யூஜினா அதன்மேல் மெல்ல நடக்கிறாள். தினமும் நடந்தே ஆகவேண்டும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். கீழே ஒழுங்கையில் ஓட்டோக்களுக்கே இடமில்லை. அவளுக்காக இந்த நேரத்தில் எல்லா வாசல்களிலிருந்தும் செருப்புகளும் வாளிகளும் உள்ளே போய்விடுகின்றன. ஒரு கதவில் கருவாடு பொரியும் மணம், அடுத்ததில் சாம்பிராணி. கொரிடோரின் முடிவில் ஸ்டூலில் இருக்கும் கணவர் பீற்றர், சுற்றுக்கு ஒரு மணியாகச் செபமாலையை உருட்டுகிறார். அவளுடைய வீங்கிய கணுக்கால்களைப் பார்க்கப் பார்க்க அவர் உதடுகள் தாமாக அசைகின்றன. மணிகள் விரைகின்றன. மூச்சு வாங்க யூஜினா சுவரைப் பிடித்து நிற்கிறாள். "எத்தினையாவது சுத்து?" பீற்றர் விரலிடையே இருக்கும் மணியைப் பார்க்கிறார். "தெரியேல்லை யூஜினா. செபம் சொல்லத் தொடங்கீட்டன்." அவள் முகம் வாடுகிறது. கருவாட்டுப் புகைக்குள்ளிருந்து சுதர்சினியின் குரல் வருகிறது. "பதினெட்டு, அன்ரி." "ஓம், பதினெட்டுத்தான்," என்கிறது சாம்பிராணி வீடு. இன்னும் தள்ளி, மூடியிருக்கும் ஒரு கதவுக்குப் பின்னாலிருந்தும் யாரோ பதினெட்டு என்கிறார்கள். யூஜினா சுவரிலிருந்து கையை எடுக்கிறாள்.