ஒன்பதாம் பக்கம்

"மூணு நிமிஷம். இந்த மனுவைப் படிச்சுட்டு, இந்தம்மா ஏன் ஜெயிக்கணும்னு ஒரே வரியில சொல்லுங்க."

எழுத்து வகுப்பு டீச்சர் ஆளுக்கொரு நகல் கொடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு பக்கம். மூன்றாம் ஆண்டு சட்ட மாணவர்கள் புரட்டினார்கள், பெருமூச்சு விட்டார்கள், மறுபடி முதல் பக்கத்துக்கே வந்து நின்றார்கள்.

கடைசி பெஞ்சில் மேற்படி சார். 'மேற்படி' இல்லாமல் அவருக்கு ஒரு வாக்கியமும் முடியாது என்பதால் மாணவர்கள் வைத்த பெயர். முப்பது வருஷமாக மனு எழுதும் பாடம் அவர் கையில்தான் இருக்கிறது. இந்தப் புது வகுப்பு வேண்டுமா, வேண்டாமா என்று முதல்வருக்கு அறிக்கை கொடுக்கப்போகிறவரும் அவரே. வேண்டாம் என்று எழுதினால் டீச்சர் மூட்டை கட்டவேண்டியதுதான்.

"சட்டம் படிக்க வந்தவனுக்கு எழுதக் கத்துக்கொடுக்கிறதா? நாளைக்கு நடக்கவும் கத்துக்கொடுப்பீங்களா?" என்று ஆசிரியர் அறையில் அவர் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. அறிக்கை வெறும் சடங்கு.

"டைம் முடிஞ்சுது. யாராவது?"

எல்லோரும் இன்னும் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"'மேற்படி'யை மட்டும் எண்ணிட்டேன் மேடம். அறுபத்து மூணு," என்றான் ஒட்டடைக்குச்சி என்று பட்டப்பெயர் வாங்கிய ஒல்லிப் பையன்.

வகுப்பே சிரித்தது. கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு.

"முதல் வாக்கியமே ஒன்றரைப் பக்கம் மேடம். மூச்சு முட்டுது."

"எழுதினவருக்கே புரிஞ்சிருக்காது!"

டீச்சர் தடுக்கவில்லை. கூடவே சேர்ந்துகொண்டார்.

"புரியக்கூடாதுன்னுதானே எழுதியிருக்கு! தான் பெரிய மேதாவின்னு காட்டிக்கணும். கட்சிக்காரி எக்கேடு கெட்டா என்ன? ஒன்பதாம் பக்கம் எடுங்க. பதினேழாவது வரி."

தேடிப் படித்தார்கள். வீட்டைக் காலிசெய்யச் சொன்ன நோட்டீஸ், ஆட்சேபம் சொல்லக் கொடுத்த கெடு முடிந்து நான்கு நாள் கழித்துத்தான் அந்தப் பெண் கைக்கு வந்திருக்கிறது.

"இந்த ஒரு வரி போதும், ஜெயிச்சிருப்பாங்க. நீதிபதிக்கு அன்னைக்கு அறுபது வழக்கு. எட்டுப் பக்கம் தாண்டி யார் வருவா? தள்ளுபடி. ரெண்டு பிள்ளைங்களோட தெருவுல நின்னாங்க. இப்படி எழுதின ஆளை என்ன செய்யலாம்?"

"பேனாவைப் பிடுங்கணும் மேடம்!"

மேற்படி சாருக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டார்.

"போதும், நிறுத்துங்க! ஒரு வக்கீலை முதுகுக்குப் பின்னால கிழிகிழின்னு கிழிக்கிறது என்ன நாகரிகம்? மேற்படி மனுவுல என்ன குறை? கம்பீரமா இருக்கு. முறையாப் படிச்ச கை. தைரியம் இருந்தா எழுதினவர் பேரைச் சொல்லுங்க. அதையும் அறிக்கையில சேர்க்கிறேன்."

சிரித்தவர்கள் நகலுக்குள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"வேற யாரு, அவரேதான்டா," என்று பக்கத்தில் இருந்தவன் காதைக் கடித்தான் ஒட்டடைக்குச்சி.

டீச்சர் யாருக்கும் கொடுக்காத பதின்மூன்றாம் பக்கத்தை எடுத்துவந்து அவரிடம் நீட்டினார். கையெழுத்து இருக்கும் பக்கம்.

"நான்தான் சார். வக்கீலா நான் எழுதின முதல் மனு. அதோட என் பேனாவை நானே பிடுங்கிக்கிட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கையெழுத்தைப் பார்த்தார். பிறகு டீச்சர் முகத்தைப் பார்த்தார். அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை.

"உங்களுக்கு ஞாபகம் இருக்காது சார். அதுக்கு முந்தின வருஷம், இதே ரூம்ல, இதே மாதிரி எழுதித்தான் உங்க கையால கோல்டு மெடல் வாங்கினேன்."