திருடனுக்கென்று ஒரு போன்

"போனைப் பிடுங்கிட்டுப் போயிட்டான்!" என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தேன்.

மனைவி பதறிப்போனாள். "ஐயையோ! அடி கிடி பட்டுச்சா?"

"ஒண்ணுமில்ல. நடந்து வரும்போது அந்த இருட்டுச் சந்துல ஒருத்தன் பைக்குல வந்து கத்தியைக் காட்டினான். எதிர்க்காம குடுத்துட்டேன். உயிர்தானே முக்கியம்!"

சொல்லிவிட்டு, சாக்ஸுக்குள்ளிருந்து என் உண்மையான போனை எடுத்துக் காட்டினேன்.

திருடன் கொண்டுபோனது செத்த போன். வேலை முடிந்து இரவில் நடந்து வருகிறவர்களுக்காகவே எங்கள் தெருமுனை ரிப்பேர் கடைக்காரர் அதை விற்கிறார். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. விலை இருநூறு. அசல் மாதிரி தெரியட்டும் என்று என் மகள் அதன் முதுகில் ஒரு பட்டாம்பூச்சி ஸ்டிக்கர்கூட ஒட்டியிருந்தாள்.

"போனைத் தட்டிப் பார்த்திருப்பான். இப்ப அவன் முகத்துல ஈயாடாது!" என்றேன். குடும்பமே சிரித்தது.

மறுநாள் காலை கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

கடைக்காரர் பூரித்துப்போனார். "பாத்தீங்களா, நம்ம போன் உங்களைக் காப்பாத்திடுச்சு! இனிமே வெறுங்கையோட மட்டும் நடக்காதீங்க சார்."

இழுப்பறையிலிருந்து ஒரு போனை எடுத்துத் துணியால் துடைத்துக் கொடுத்தார். "இது ரொம்ப ராசியான போன். விலை அதேதான்."

வாங்கித் திருப்பிப் பார்த்தேன். முதுகில் பாதி சுரண்டிய பட்டாம்பூச்சி.

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"இன்னிக்கும் அந்தச் சந்து வழியாத்தானே சார் வருவீங்க?" என்று அக்கறையாகக் கேட்டார்.

எதிர்க்காமல் இருநூறை எடுத்து நீட்டினேன். உயிர்தானே முக்கியம்!