முந்நூறு கூட்டம் போனவர்

"சார், நீங்க ஒஹாயோல படிச்ச காலேஜிலேருந்து பிரியானா பேசறேன். எங்க பதிவேட்டுல உங்களை மிஞ்ச ஆளே இல்ல! செஸ், பைபிள், கொரிய நடனம், டெமாக்ரட், ரிபப்ளிகன் ரெண்டு மாணவர் அணியும்... நாலு வருஷத்துல முந்நூறு சங்கக் கூட்டத்துல உங்க கையெழுத்து இருக்கு! காலேஜ் மேல இவ்வளவு பாசம் வச்ச நீங்க, புதுக் கட்டடத்துக்கு ஐந்நூறு டாலர்..."

"பாசமா?" ஹாஸ்கின்ஸ் சீறினார். "அப்ப எனக்கு மெஸ்ஸுக்குப் பணம் கட்ட வழியில்ல. கூட்டத்துல பீட்சா சும்மா கொடுத்தாங்க. முந்நூறு கையெழுத்தைப் பத்திரமா வச்சிருக்கீங்களே, இவனுக்குப் பசிக்குதான்னு ஒருத்தராவது கேட்டீங்களா? இப்ப அதையே காட்டிக் காசு கேக்க வெக்கமா இல்ல?"

"மன்னிச்சிடுங்க சார்," என்றாள் பிரியானா மறுமுனையில்.

"ஏம்மா, நீ அங்க வேலை பாக்கறியா?"

"இல்ல சார், படிக்கறேன். சம்பளம் கிடையாது." அவள் குரல் தாழ்ந்தது. "போன் பண்ண வந்து கையெழுத்துப் போட்டா, பீட்சா தர்றாங்க."