வழியனுப்பும் கணக்கு

"தெனமும் யாரையாவது வழியனுப்பறேன்னு வாசக்கேட்டுல ஆயிரத்து இருநூறு நொடி நிக்கற, சென்னி. கல்யாணமாகி முப்பது வருசமாச்சு. கூட்டிப் பார்த்தா, அஞ்சு மாசம் கேட்டுலயே நின்னிருக்கற!"

கால்குலேட்டரை நீட்டினார் செங்கோட்டையன். பம்புசெட் பட்டறையில் நொடிக்கு நொடி கணக்குப் பார்க்கிறவர்.

"இனி நிக்கலைங்க" என்றாள் சென்னியம்மாள்.

அன்று சாயங்காலம் கிணத்துக்கடவிலிருந்து வந்திருந்த குடும்பம் "வாரோமுங்க" என்று எழுந்தது. பின்னாலிருந்து வாட்சைத் தட்டிக் காட்டினார் செங்கோட்டையன். சென்னியம்மாள் கும்பிட்டுவிட்டுக் கேட்டைச் சாத்தினாள்.

எட்டே நொடி! அவருக்கு வாயெல்லாம் பல்.

காலையில் கல்யாணத் தரகர் போனில் கத்தினார். "ஏனுங்க, உங்க பையனுக்குப் பொண்ணு குடுக்கலாம்னு மாப்பிள்ளை ஊடு பார்க்க வந்தவங்களை இப்படியா அனுப்பறது? உள்ளே உக்காந்தா பலகாரந்தான் சாப்பிடுவாங்க. சம்மதம் சொல்றது கேட்டுலதானுங்களே! உங்களுக்குப் புடிக்கலையாட்டம்னு வேற இடம் பார்க்கறாங்க."

செங்கோட்டையன் அடித்துப்பிடித்துக் கிணத்துக்கடவுக்கு ஓடினார். மத்தியானம் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பினார்.

"பேசி முடிச்சுப்போட்டேன். உள்ளே பத்து நிமிஷம், கேட்டுல ரெண்டு மணி நேரம்."

சென்னியம்மாள் கால்குலேட்டரை நீட்டினாள்.

"ரெண்டு மணி நேரத்துக்கு எத்தனை நொடிங்க?"