பந்து வயது

"இருபதுன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க கோச். உங்களுக்கு என்ன குறைஞ்சுடும்?"

"கோப்பை போயிடும்" என்றார் டோசே.

யாவோவி கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டான். அதிபர் மாளிகையில் உதவிச் செயலாளர் அவன். அதிபர் இறந்து ஒன்பது நாளாகியும் கறுப்புக் கோட்டைக் கழற்ற முடியாமல் வியர்த்துக்கொண்டிருந்தான். அப்பாவின் நாற்காலியில் மகன் எடெம் உட்கார எல்லாம் தயார், வயதைத் தவிர. சட்டப்படி நாற்பது ஆகியிருக்க வேண்டும். எடெமின் பிறப்புச் சான்றிதழோ முப்பத்தாறு என்றது.

அந்தச் சான்றிதழை இருபது வருடம் முன்னால் எழுதி வாங்கியவர் டோசே. எடெமையும் சேர்த்துக்கொண்டு அந்த வருடம் கோப்பை ஜெயித்த, பதினேழு வயதுக்கு உட்பட்டோர் கால்பந்து அணியின் பயிற்சியாளர். அப்போது எடெமுக்குப் பதினாறு அல்ல, இருபது என்று அவர் இப்போது எழுதித் தந்தால் கணக்கு நாற்பதாகிவிடும். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் இரண்டு வயது உண்டு. ஒன்று பெற்றவளுக்குத் தெரிந்தது, இன்னொன்று பந்து வயது. விளையாடப் போகிற பையன் நாலைந்து வருடத்தைக் கழித்துவிட்டுப் போவான். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

"சட்டத்தையே மாத்திட வேண்டியதுதானே? உங்க ஆளுங்களுக்கு அது கைவந்த கலையாச்சே."

"சட்டத்தை மாத்தினா வெளிநாட்டுக்காரன் கத்துவான். வயசை மாத்தினா யார் கேக்கப்போறா?"

"அப்ப அந்தப் பிள்ளையையே கேளு."

"கேட்டாச்சு கோச். 'டோசே என்ன சொல்றாரோ அதுதான் என் வயசு'ன்னுட்டார். அதுக்கு மேல வாயைத் திறக்க மாட்டேங்கிறார்."

கிழவர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. சோடாபிச் சாராயத்தை எடுத்து, செத்துப்போனவருக்காக நாலு சொட்டு மண்ணில் விட்டார். பிறகு ஆளுக்கு ஒரு கிளாஸ் ஊற்றினார்.

"நாளைக்குக் காலைல சபை கூடுது" என்றான் யாவோவி. "காகிதம் இல்லேன்னா பட்டாளத்து ஜெனரல் அந்த நாற்காலியில உட்கார்ந்துடுவார். உட்கார்ந்ததும் அவர் முதல்ல கூட்டித் தள்ளறது என்னை மாதிரி ஆளுங்களைத்தான். எனக்கு மூணு பிள்ளைங்க கோச்."

"எனக்கு ஒரே ஒரு கோப்பை."

"எனக்கு மட்டும் அது வேண்டாததா?" என்றான் யாவோவி. "அப்ப எனக்குப் பத்து வயசு. சந்தையில ரேடியோ வெச்சிருந்தாங்க. அப்பா தோள்மேல உட்கார்ந்து கேட்டேன். நம்ம பையன் கடைசி கோலைப் போட்டதும் மீன்காரங்க மீனைப் போட்டது போட்டபடி ஓடி வந்தாங்க. பொம்பளைங்க சட்டியைத் தட்டறாங்க, பாதிரியார் கோயில் மணியைப் பிடிச்சுத் தொங்கறார். எங்கப்பா சிரிச்சே நான் பாத்ததில்ல கோச். அன்னிக்கு ஆடினார். என்னைத் தோளைவிட்டு இறக்கவே இல்ல."

"அப்பா இருக்காரா?"

"அடுத்த மழைக்காலத்துல போயிட்டார்."

அந்த வருடம் பிறந்த பெண் குழந்தைகளில் பாதிக்கு விக்துவார் என்று வெற்றியின் பெயரையே வைத்தார்கள். யாவோவியின் கடைசித் தங்கைக்கும் அதே பெயர்தான். நாடு ஜெயித்தது அந்த ஒரு தடவைதான். அதற்கப்புறம் எந்தக் கோப்பையும் வரவில்லை.

"இப்ப நான் இருபதுன்னு எழுதினா என்ன ஆகும்?" என்றார் டோசே. "ஏமாத்தி வாங்கினதுன்னு கோப்பையைத் திருப்பிக் கேப்பாங்க. உங்கப்பா ஆடினது ஆடாததாப் போயிடும். பரவாயில்லையா?"

வீட்டிலிருந்த மூன்று பிள்ளைகளையும் நினைத்துக்கொண்டு யாவோவி மறுபடி ஆரம்பித்தான்.

"உண்மையைத்தானே கோச் எழுதச் சொல்றோம்? எல்லாப் பையனுக்கும் குறைச்ச மாதிரி அவருக்கும் நாலு வயசைக் குறைச்சீங்க. ஊருக்கே தெரிஞ்ச விஷயம்."

"ஊருக்கு வேற என்ன தெரியும்?"

"அவர் ஆட்டம் தெரியும். இறுதிப் போட்டியில கடைசி மூணு நிமிஷம் இறங்கினார். பந்து இடது ஓரத்துல, அவர் வலது ஓரத்துல. அப்பா சிபாரிசுல உள்ளே வந்தவர்னு சந்தையே சிரிச்சுது. இப்ப நாற்காலிக்கும் அதே சிபாரிசுதான்னு சிரிக்குது. சிரிச்சுட்டுப் போகட்டும்."

டோசே கிளாஸைக் கீழே வைத்தார். கோபம் வந்துவிட்டது.

"சிபாரிசா? அனுப்ப மாட்டேன்னுட்டார் அவங்கப்பா. மாளிகை வாசல்ல மூணு நாள் நின்னு, கால்ல விழாத குறையா அந்தப் பிள்ளையைக் கேட்டு வாங்கினவன் நான்."

"பந்தே வராதவரையா? எதுக்கு?"

"பதினெட்டுப் பேரோட மணிக்கட்டையும் எக்ஸ்ரே எடுத்து அனுப்புங்க, எலும்பைப் பாத்தே வயசைச் சொல்லிடுவோம்னு போட்டி நடத்தறவங்க கடிதாசி போட்டாங்க. என் பசங்க பதினேழு பேரும் இருபதைத் தாண்டினவங்க. எனக்கு நிஜமாவே பதினாறு வயசுப் பையன் ஒருத்தன் வேணும். எத்தனை தடவை படம் எடுத்தாலும் ஆஸ்பத்திரியில எவனும் ஏன்னு கேக்கவும் கூடாது. அதுக்கு அதிபர் மகனை விட்டா யாரு?"

"அப்ப அவருக்கு நிஜமாவே பதினாறுதானா?" என்றான் யாவோவி.

"அந்தப் பிள்ளை வயசுல நான் கை வைக்கவே இல்ல தம்பி" என்றார் டோசே. "அன்னிக்கு அனுப்பின பதினெட்டுப் படத்துலயும் இருந்தது அவன் கைதான்."