பாதி வலி

மகள் செவ்வந்திக்குப் பல் வரிசை கலையாமல் பிடித்துவைக்கும் ரீடெய்னர் கம்பியை மாட்டிய அன்றே, அதன் வலியில் பாதியை என் பல்லுக்கு மாற்றிவிட்டார் பல் டாக்டர். அப்புறம்தான் அவள் அழுகை நின்றது. ஒரு வாரமாக இருவருக்கும் குழைந்த ரசம் சாதம்தான்.

இன்று கோர்ட் வாசலில் வக்கீல் கோட்டை மாட்டும்போது, திடீரென என் வலி நின்றுவிட்டது. கழுதை, கழற்றி எறிந்துவிட்டாள்! கோபத்தோடு பள்ளிக்குப் போன் போட்டு அவளைக் கூப்பிடச் சொன்னேன்.

"எங்கடி ரீடெய்னர்?"

"வாயிலதாம்மா இருக்கு. இன்னிக்கு நீ ஜட்ஜ் முன்னாடி பேசணும்ல? அதான் டாக்டர் பண்ண மாதிரியே உன் பாதியையும் நானே எடுத்துக்கிட்டேன்."

பதில் சொல்வதற்குள் என் கேஸைக் கூப்பிட்டார்கள். ஒரு சொல்கூடத் தடுமாறாமல் வாதாடினேன்.

வெளியே வந்ததும் மறுபடி கூப்பிட்டேன்.

"ரொம்ப தேங்க்ஸ்டி, தங்கம். இப்ப முழுசையும் எனக்கு அனுப்பு."



"பாதிதாம்மா தருவேன்."